நாலு மைல் வேகத்தில் போகிறவர்களுக்கு எழுத என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் நீளமான, ஒல்லியான படகுகளில் ஊர் சுற்றுகிறவர்களும் அதிலேயே குடியிருப்பவர்களுமாகப் பலர் ஒரு பயணக் குறிப்பு வைத்திருக்கிறார்கள். இன்று இத்தனை லாக் (படகை மேலே ஏற்றி, கீழே இறக்கும் கதவுத் தொட்டி) தாண்டினோம், இங்கே படகைக் கட்டினோம், மழை என்று நோட்டிலோ, மற்றவர்களும் படிக்க இணையத்திலோ வருடக்கணக்காக எழுதுகிறார்கள். எதற்காக?

முதலில் வேகத்தைச் சொல்லிவிடுகிறேன். கால்வாயில் அனுமதிக்கப்பட்ட வேகமே மணிக்கு 4 மைல், அதாவது ஆறரை கிலோமீட்டருக்கும் குறைவு. நிஜத்தில் அந்த வேகத்திலும் போக முடியாது. கரையோரம் படகுகள் வரிசையாகக் கட்டியிருக்கும் இடத்தில் எஞ்சினை அடக்கி ஊர்ந்துதான் போக வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் படகு ஆடும், அடுப்பில் இருப்பது கொட்டும், ஜன்னல் வழியே தலையை நீட்டித் திட்டுவார்கள். நாயோடு நடை போகிற பெரியவர் சர்வசாதாரணமாக உங்களை முந்துவார். வெளியிலிருந்து பார்த்தால் இதில் எழுத ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும்.

எழுதுகிறவர்களிடமே கேட்டால் 'பேரப்பிள்ளைகள் படிக்கட்டுமே' என்பார்கள், 'ஞாபகத்துக்கு' என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அதெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட காரணம் என்பது என் கட்சி. கால்வாயில் எழுதி வைப்பது முதலில் படகு ஓட்டும் வேலையிலேயே சேர்த்தி. அடுத்து, போனோம் வந்தோம் என்பதற்குச் சாட்சி. ரசனை, ஞாபகம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

ஒரு சராசரி நாளின் குறிப்பு எப்படி இருக்கும்? மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன்:

"ஹில்மார்ட்டன் – பிரான்ஸ்டன். லாக் 3. நடு லாக்கில் ஒரு மதகு திறக்கவில்லை. தண்ணீர் பிடித்தோம், குழாயில் வேகமே இல்லை, ஒன்றேகால் மணி நேரம் போயிற்று. எஞ்சின் 2,314 மணி. கேஸ் மாற்றியாயிற்று. பாலத்துக்கு அப்பால் கட்டினோம். கரையோரம் ஆழம் இல்லை, படகு சாய்ந்து நிற்கிறது. மழை."

இலக்கியம் இல்லைதான். ஆனால் இதில் ஒரு வரியைக்கூட வெட்ட முடியாது. எஞ்சின் மணியை எடுத்துக்கொள்ளுங்கள். படகில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் கிடையாது. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் கணக்கு. கட்டிப்போட்ட இடத்திலும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற எஞ்சினை ஓட்டுவார்கள், அதனால் தூரத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பல எஞ்சின்களுக்கு 250 மணிக்கு ஒரு தரம் ஆயில் மாற்ற வேண்டும். எழுதி வைக்காதவர் அதைக் கோட்டை விடுவார். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும் அப்படித்தான். வழக்கமாக ஒரு மாதம் வருவது பதினைந்து நாளில் தீர்ந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். ஏழு அடிகூட அகலம் இல்லாத இரும்புக் கூட்டுக்குள் தூங்குகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

தண்ணீர் இன்னும் முக்கியம். படகின் தொட்டியில் பிடித்ததைத்தான் குடிக்க, குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த குழாய் எங்கே, அது வேகமாக ஊற்றுமா சொட்டுமா என்று முன்னால் போனவர் எழுதியிருந்தால் அரை நாள் மிச்சம். கழிவறைத் தொட்டியைக் காலி செய்யும் இடம் பற்றிக் கேட்கவே வேண்டாம். படகுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பத்தே நிமிடத்தில் பேச்சு அங்கே வந்து நிற்கும். கரையில் வாழ்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். தொட்டி நிரம்பிவிட்டது, காலி செய்யும் இடத்தின் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்குகிறது என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இப்போது லாக். கால்வாய் மேடேறவும் பள்ளத்தில் இறங்கவும் கட்டிய, இரண்டு பக்கமும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டி அது. குறுகிய கால்வாய்களில் தொட்டியின் அகலம் சுமார் 7 அடி, படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். ஆக, பக்கத்துக்கு ஓர் அங்குல இடைவெளி. இறங்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்துகிறார்கள். ஒருவர் இறங்கி முன்கதவருகே போய், வளைந்த இரும்புக் கைப்பிடியை மதகின் அச்சில் மாட்டிச் சுற்றுகிறார். பல்சக்கரம் டக் டக்கென்று ஏறும், கீழே தண்ணீர் பீறிட்டு வெளியே பாயும், படகு இருந்த இடத்திலேயே கீழே இறங்கும். ஒரு தடவைக்கு லட்சம் லிட்டர் அளவு தண்ணீர் போகிறது. இதில் எமன் ஒளிந்திருக்கும் இடம் பின்னால் சாத்திய மேல்கதவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் திட்டு. அது எதுவரை நீண்டிருக்கிறது என்று காட்டப் பக்கச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பாகம் அந்தக் கோட்டைத் தாண்டி முன்னே வராமல் கதவுப் பக்கமாகவே நின்றுவிட்டால் சுக்கான் திட்டில் மாட்டும், தண்ணீர் இறங்க இறங்க முன்பாகம் மட்டும் கீழே போகும். மதகை உடனே மூடாவிட்டால் படகு சில நிமிடங்களில் மூழ்கிப்போகும். 'இந்த லாக்கில் கோடு அழிந்துகிடக்கிறது' என்று ஒருவர் எழுதி வைத்த ஒற்றை வரிக்கு எவ்வளவு மதிப்பு என்று இப்போது தெரியும்.

பயண நேரத்துக்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி நேரம். 9 மைல், 6 லாக் என்றால் 5 மணி நேரம். பொதுவாகச் சரியாகவே வரும். ஆனால் வூஸ்டர்ஷயரில் டார்டபிக் என்ற இடத்தில் சுமார் 2 மைலுக்குள் 30 லாக் அடுக்கடுக்காக இருக்கிறது. அங்கே வாய்ப்பாடு பத்து மணி நேரத்துக்கு மேல் காட்டும். ஒருவர் படகோட்ட, ஒருவர் முன்னால் ஓடி அடுத்த லாக்கைத் தயார் செய்தால் அதில் பாதியில் முடித்துவிடலாம். அதே இடத்தில் தனியாள், எதிர்ப்பக்கம் எந்தப் படகும் வரவில்லை, எல்லா லாக்கும் நமக்கு எதிராக, நாம் இருக்கும் மட்டத்துக்குத் தண்ணீர் இல்லாமல் நிற்கிறது என்றால் கதை வேறு. வழிகாட்டிப் புத்தகம் லாக்குகளின் எண்ணிக்கையைச் சொல்லும். எத்தனை மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் மேலே ஏறலாம் என்பதைப் போய்வந்தவரின் குறிப்புதான் சொல்லும்.

இன்னொன்று, கால்வாய் நிலையாக ஒரே மாதிரி இருக்கும் சாலை இல்லை. மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டுபோக பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறந்தது 1761-ல். இன்று படகு ஓடும் பெரும்பாலான கால்வாய்கள் அதையடுத்த எழுபது எண்பது ஆண்டுகளில் வெட்டியவை. களிமண்ணைக் குழைத்து அடித்த தரை, கல், செங்கல், மரக்கதவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் 2,000 மைல் நீர்வழியை 2012 முதல் 'கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. 2018 மார்ச்சில் மிடில்விச் பக்கம் கரை உடைந்து தண்ணீர் வெளியே கொட்டியது. லாக்கின் மதகுகளை யாரோ திறந்தபடி விட்டுப் போனதில் தண்ணீர் நிரம்பி வழிந்து கரையை அரித்துவிட்டது என்று அறக்கட்டளை சொன்னது. அந்த வழி திரும்பத் திறக்க டிசம்பர் ஆனது. 2025 கோடையில் நீர்த்தேக்கங்கள் வற்றி, லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயில் நீண்ட தூரம் மூடிக் கிடந்தது. இப்படிப்பட்ட பெரிய அடைப்புகளுக்கு அறிவிப்பு வரும். எந்தத் திருப்பத்தில் சேறு தட்டுகிறது, எந்தப் பாலத்தடியில் யாரோ வீசிய கம்பியும் துணியும் புரொப்பெல்லரில் சுற்றுகிறது என்பதற்கு அறிவிப்பு கிடையாது.

இது வரைக்கும் வேலைக் கணக்கு. இனி சாட்சி.

நிரந்தரமாகக் கட்டும் இடம் இல்லாமல், ஊர் ஊராகப் போய்க்கொண்டே வாழ்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1995-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நீர்வழிச் சட்டப்படி அவர்களுக்கு உரிமம் கிடைக்க ஒரு நிபந்தனை: படகை உண்மையாகவே பயணத்துக்குப் பயன்படுத்த வேண்டும், பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. 'இடம்' என்றால் எவ்வளவு தூரம் என்று சட்டம் சொல்லவில்லை. சண்டையெல்லாம் அங்கேதான். அறக்கட்டளை ஊழியர்கள் கரையில் நடந்துபோய்ப் படகு எண்களைக் குறித்துக்கொள்வார்கள். ஒரு நாள் உங்களை ஓர் இடத்தில் பார்க்கிறார்கள், பத்து நாள் கழித்துத் திரும்பவும் அதே இடத்தில் பார்க்கிறார்கள். நடுவில் நீங்கள் இருபது மைல் போய்த் திரும்பியது அவர்கள் நோட்டில் இருக்காது. உங்கள் குறிப்பில் இருந்தால்தான் உண்டு. உரிமம் பறிபோனால் வீடே போகும் என்ற நிலையில் இருப்பவர் தேதி போட்டு, பாலத்தின் எண் போட்டு எழுதுவதைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது?

பழைய கதையைப் பார்த்தாலும் கால்வாயில் பேனா யார் கையில் இருந்தது என்பது சுவாரஸ்யமான விஷயம். சரக்குப் படகுகள் ஓடிய காலத்தில் கால்வாய்க் கம்பெனிக்குச் சுங்கம் கட்ட வேண்டும். சுங்கச் சாவடி ஆள் ஓர் அளவுகோலை எடுத்து வந்து, படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் எத்தனை அங்குலம் நிற்கிறது என்று சில இடங்களில் அளப்பார். ஒவ்வொரு படகுக்கும் இத்தனை அங்குலத்துக்கு இத்தனை டன் என்று ஏற்கெனவே அட்டவணை போட்டு வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து எடையைக் கண்டுபிடித்துப் பேரேட்டில் பதிவார். அதனால் எந்தப் படகு எவ்வளவு நிலக்கரி ஏற்றிப் போயிற்று என்பது இன்றும் காகிதத்தில் கிடைக்கிறது. அந்தப் படகில் இருந்தவள் அன்று என்ன சமைத்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இறங்கியது என்பது கிடைக்காது. பத்தடி நீள அறைக்குள் குடும்பமே வாழ்ந்தது. படகு நிற்காததால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோல்வில்லைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஓயாமல் போராடியதில்தான் 1877-ல் கால்வாய்ப் படகுகள் சட்டமே வந்தது. அவரும் கரை மனிதர்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆள் பற்றாக்குறையால் நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் சிலர் பயிற்சி எடுத்து, லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் இடையே சரக்குப் படகு ஓட்டினார்கள். அவர்களில் சிலர் பிறகு அதைப் புத்தகமாக எழுதினார்கள். படகிலேயே பிறந்து வளர்ந்த பெண்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி இந்தச் சில வருட விருந்தாளிகள் எழுதியதுதான். எனக்கு இது உறுத்தும். ஆனால் அவர்களும் எழுதாமல் போயிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

எழுத்தின் பலன் கண்ணெதிரே தெரிந்தது டாம் ரோல்ட் விஷயத்தில். தொழிலால் எஞ்சினியர். 1939 கோடையில் மனைவி ஏஞ்சலாவோடு 'கிரெஸ்ஸி' என்ற படகில் பான்பரியிலிருந்து கிளம்பி நடு இங்கிலாந்துக் கால்வாய்களைச் சுற்றினார். வழியிலேயே போர் வந்துவிட்டது. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'நாரோ போட்' 1944 கடைசியில் வெளியானது. ராபர்ட் ஐக்மன் என்ற எழுத்தாளர் படித்துவிட்டுக் கடிதம் போட்டார். 1945-ல் டார்டபிக்கில் கட்டியிருந்த கிரெஸ்ஸிக்கே வந்து பார்த்தார். அடுத்த ஆண்டு கால்வாய்களைக் காக்க உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. சரக்கெல்லாம் ரயிலுக்கும் லாரிக்கும் போய், தூர்ந்துகொண்டிருந்த கால்வாய்களை ஒவ்வொன்றாக மூடிவிடலாம் என்ற பேச்சு நடந்த காலம் அது.

1947-ல் நடந்த ஒரு கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பர்மிங்காமில் ஸ்ட்ராட்ஃபர்ட் கால்வாயின் குறுக்கே லிஃபர்ட் லேன் என்ற இடத்தில் தூக்குப் பாலம் பழுதானதும், கால்வாயின் சொந்தக்காரரான ரயில்வே கம்பெனி அதற்குப் பதில் தாழ்வான நிலைப்பாலம் போட்டுவிட்டது. படகு போக வழியில்லை. ஆனால் படகு போகும் உரிமை சட்டத்தில் அப்படியே இருந்தது. நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தபோது, முன்கூட்டித் தகவல் கொடுத்தால் பாலத்தைத் தூக்கித் தருவோம் என்று பதில் வந்தது. யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம். ரோல்ட் கேட்டார். இன்ன தேதியில் வருகிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டு, மே மாதம் கிரெஸ்ஸியை ஓட்டிக்கொண்டு போனார். ரயில்வே ஆட்கள் ஜாக்கி வைத்துப் பாலத்தைத் தூக்கினார்கள். செடியும் சேறும் மண்டிய தண்ணீரில் படகு திணறித் திணறித்தான் அந்தப் பக்கம் போனது. பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்து மற்றவர்களும் 'நாங்களும் வருகிறோம்' என்று எழுதிப் போட ஆரம்பித்தார்கள். கடைசியில் திறந்து மூடும் பாலமே போட வேண்டியதாயிற்று.

அதே கால்வாயின் தென்பாதிக்கு 1950-களின் கடைசியில் ஆபத்து வந்தது. மேலே போகும் ஒரு பாலத்தைப் புதுப்பிக்கும் செலவைக் குறைக்கப் பார்த்த வாரிக்ஷயர் கவுன்சில், மூன்று வருடமாகக் கால்வாயை யாரும் பயன்படுத்தவில்லை, மூட அனுமதி கொடுங்கள் என்று கேட்டது. அதை உடைத்தது எது தெரியுமா? சின்னத் துடுப்புப் படகில் அந்த வழியே போனவர்கள் கட்டணம் கட்டி வாங்கிய, தேதி போட்ட சீட்டு. பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஆகிவிட்டதால் மூடும் மனு செல்லவில்லை. நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் பொறுப்பில், தன்னார்வலர்களும் ராணுவத்தினரும் சிறைக்கைதிகளுமாகச் சேர்ந்து சீரமைத்து, 1964-ல் அரசி எலிசபெத்தின் தாயார் திறந்து வைத்தார். இன்று ஸ்ட்ராட்ஃபர்டில் ஷேக்ஸ்பியர் அரங்கத்தின் எதிரே படகுகள் நிற்பது அதனால்தான். அந்தச் சீட்டை யாராவது கசக்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு இப்படி வாய்க்கவில்லை. 1930-களில் பாரதிதாசன் நண்பர்களோடு அதில் படகேறி மாமல்லபுரம் போனதைப் பாடி வைத்திருக்கிறார். அதில் உப்பும் விறகும் ஏற்றிப்போன படகுக்காரர்கள் எந்த இடத்தில் இரவு தங்கினார்கள், எந்த லாக்கில் காத்துக் கிடந்தார்கள் என்று அவர்களே எழுதிய நாட்குறிப்பு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. சென்னையில் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்களை இறக்கியபோது, இது படகு போகிற வழி என்று காகிதத்தோடு வந்து நின்றவர்களும் இல்லை.

சரி, இப்போது எழுதுகிறவர்களுக்கு வருவோம். எல்லோருக்கும் சட்டப் பயமோ வரலாற்று உணர்வோ இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஓய்வு பெற்று, வீட்டை விற்று, படகு வாங்கிய தம்பதிகள் நிறைய. அவர்கள் சொல்வதில் ஒரு விஷயம் எனக்கு நியாயமாகப் படுகிறது. மெதுவாகப் போகும் நாட்கள் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். அதே புல்வெளி, அதே செங்கல் வளைவுப் பாலம், அதே ஆடுகள். ஆறு மாதம் கழித்து, அந்தப் பெரிய காற்றில் படகைக் கட்டியிருந்த ஆணி பிடுங்கிக்கொண்டு படகு நடுக் கால்வாயில் குறுக்காக நின்றது எந்த ஊரில் என்று கேட்டால் புருஷன் ஓர் ஊர் சொல்வார், மனைவி வேறு ஊர் சொல்வார். குறிப்பைப் பார்த்துத்தான் வழக்கு தீரும். தனியாக இருப்பவர்களுக்கு வேறு ஒரு உபயோகமும் உண்டு. தொடர்ந்து எழுதுகிறவர் ஒரு வாரம் ஒன்றும் எழுதவில்லை என்றால், நாலு ஊர் தள்ளிக் கட்டியிருக்கும் யாராவது ஒருவர் என்ன ஆயிற்று என்று விசாரிப்பார். முகவரி இல்லாத வாழ்க்கையில் அது பெரிய விஷயம்.

எல்லாக் குறிப்பும் படிக்கத் தகுந்ததா என்றால் இல்லை. விடியற்காலைப் பனிமூட்டம், தண்ணீரில் விழும் நிழல், அசையாமல் நிற்கும் நாரை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் உண்டு. மூன்றாவது நாரையோடு எனக்குப் பொறுமை போய்விடும். கதவு கசிவதையும் கடையில் பால் இல்லாததையும் முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறவரின் குறிப்பைத்தான் நான் விடாமல் படிப்பேன். பத்து வருடம் கழித்தும் அது உபயோகப்படும். அந்த இடத்தில் அப்போது கடை இருந்தது, குழாய் இருந்தது, படகு கட்ட ஆழம் இருந்தது என்று அதிலிருந்து தெரியும்.

நீங்களே வாடகைப் படகு எடுத்து ஒரு வாரம் போவதாக இருந்தால், படகை ஒப்படைக்கும் ஆள் விளக்கம் சொல்லும்போதே நோட்டை எடுத்துவிடுங்கள். எஞ்சின் மணி, தொட்டியின் அளவு, பம்ப் ஸ்விட்ச் எங்கே, புரொப்பெல்லரில் ஏதாவது சுற்றினால் எந்த மூடியைத் திறந்து கையை விட வேண்டும், திரும்ப எப்படி இறுக்க வேண்டும். அந்த மூடியைச் சரியாக மூடாமல் எஞ்சினைப் போட்டால் தண்ணீர் படகுக்குள் வரும். அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.